உடைய வேண்டிய பாகம்: இறக்குமதி நெருக்கடிக் காலத்தில் திருகோணமலை லேத் பட்டறை ஒன்றில் செய்யப்பட்ட புரப்பெல்லர் உறைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் திருகோணமலையின் கரையோரக் கடற்றொழிலாளர்களுக்கு, படகின் பின்புறத்தில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களின் உதிரிப்பாகங்கள் கிடைப்பது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஒவ்வொரு உதிரிப்பாகமும் அரசின் இறக்குமதித் தடைப் பட்டியலில் இருந்ததால் இந்த நிலை வந்தது என்று சொல்வது சரியாகாது. 2021 செப்டெம்பரில் 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு நூறு வீத முற்பண வைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. 2022 மார்ச்சில் 367 வகைப் பொருட்களுக்கு அனுமதிப்பத்திரம் தேவை என அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கும் மேலாக, பட்டியலில் இல்லாத பொருளுக்குக்கூட, விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி உறுதி தரும் நாணயக் கடிதம் திறந்துகொடுக்க வங்கிகளிடம் டொலர் இருக்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. கொழும்பில் இருந்து பெட்டி வந்தால்தான் நகரக் கடைகளின் தட்டு நிரம்பும் என்பதால், அங்கே வராத சாமான் இங்கேயும் இல்லை.

இந்த ஆய்வு, நகரத்தை ஒட்டிய ஒரு சிறிய லேத் பட்டறையில் 2022 ஏப்ரலுக்கும் 2023 நடுப்பகுதிக்கும் இடையில் நடந்ததைப் பதிவு செய்கிறது. பட்டறையில் ஒரு பழைய லேத், ஒரு துளையிடும் இயந்திரம், ஒரு வெல்டிங் செட், உரிமையாளர், அவருடைய மைத்துனர், ஒரு பயிலுநர். பட்டறைத் தொழில் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் யூலை மூன்றாம் வாரத்தில்தான் நான் இதற்குள் வந்தேன். அதற்கு முந்திய பகுதியை உரிமையாளரின் குறிப்புக் கொப்பியில் இருந்தும், அவரும் படகுக்காரர்களும் சொன்னவற்றில் இருந்தும் தொகுத்திருக்கிறேன்.

என்ன வேலையை ஏற்பது என்ற கேள்வி

கடைகள் வெறுமையாகியதும், கடையில் கிடைக்காத எல்லாவற்றையும் கேட்டு ஆட்கள் பட்டறைக்கு வரத் தொடங்கினர். நீர்ப்பம்பித் தண்டு, அரிசி ஆலையின் புஷ், உழவு இயந்திரத்தின் ஊசி, தையல் இயந்திரத்தின் திருகு என்று கொப்பியில் அந்த மாதங்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு கோரிக்கையை மட்டும் உரிமையாளர் அப்போதே மறுத்திருக்கிறார். கந்தளாய்ப் பக்கத்து விவசாயி ஒருவர், பயிர்க்காவலுக்கு முறையாக அனுமதி பெற்ற தமது சொட்கன் துப்பாக்கியின் சுடு ஊசி முனை தேய்ந்துவிட்டது என்று அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். துப்பாக்கிக்கு அனுமதி இருந்தாலும், அதைத் திருத்துபவருக்கும் பாகம் செய்பவருக்கும் தனியான அனுமதி வேண்டும் என்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தில் இருந்து வரும் விதி. அதைவிட, நீளம் ஒரு மயிரிழை கூடினாலோ, பதம் வைத்தது பிழைத்தாலோ, அந்த ஊசி சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்தில் என்ன செய்யும் என்று தமக்குத் தெரியாது என்று சொல்லி, மாவட்டச் செயலகத்தில் விசாரிக்கும்படி அனுப்பிவிட்டார்.

சரியான முடிவு அது. ஆனால் அந்த ஊசியைப் பற்றி அவர் தம்மிடம் கேட்டுக்கொண்ட கேள்வியை, சில நாட்கள் கழித்து வந்த புரப்பெல்லரைப் பற்றிக் கேட்கவில்லை. அது படகுச் சாமான், பழகிய வேலை. இந்த ஆய்வை எழுதத் தூண்டியது அந்த வித்தியாசம்தான்.

முதல் கோரிக்கையும் முதல் தீர்வும்

கரையோரத் தொழிலுக்குப் போகும் பைபர் படகுகளில் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய வெளியிணைப்பு இயந்திரங்களே பூட்டப்பட்டிருக்கும். இந்த ஆய்வில் வருபவை 15 குதிரைவலு அளவானவை. அவற்றின் புரப்பெல்லர் ஒரே துண்டு அல்ல. இலைகளோடு சேர்ந்த அலுமினிய நடுக்குடம் வெளியே இருக்கிறது. தண்டில் ஏறும்படி ஸ்பிளைன், அதாவது நீளவாக்கில் பற்கள், வெட்டிய பித்தளை உட்குழல் உள்ளே இருக்கிறது. இரண்டையும் ஒரு ரப்பர் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. காலப்போக்கில் அந்த ரப்பரின் பிடி விட்டுவிடும். அப்போது இயந்திரம் உறுமும், தண்டு சுற்றும், இலை சுற்றாது, படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

வழமையான காலத்தில் புதிய புரப்பெல்லர் வாங்குவார்கள். 2022 ஏப்ரலில் அது கிடைக்கவில்லை. கிடைத்த ஓரிரண்டும் சாதாரண தொழிலாளி எட்ட முடியாத விலையில் இருந்தன. சிலர் டயர்த் துண்டுகளை வெட்டிச் செருகிப் பசை ஊற்றிப் பார்த்தார்கள். அது இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாங்கவில்லை. மூதூரில் இருந்து வந்த படகுக்காரர் ஒருவர்தான் முதலில் லேத்துக்குக் கொண்டுவந்தவர். அவர் கேட்டதை உரிமையாளர் சொற்பிசகாமல் நினைவு வைத்திருக்கிறார்: “தம்பி, ரப்பர்தானே போனது. அந்த இடத்தில இரும்போ அலுமினியமோ கடைஞ்சு இறுக்கித் தாங்க. இனி வாழ்க்கைக்கும் வழுக்கக் கூடாது.”

உரிமையாளர் அப்படியே செய்தார். ரப்பரைச் சூடாக்கி வெளியே தள்ளினார். உட்குழலைக் கழுவி அளந்தார். இடைவெளிக்குச் சரியாக அலுமினிய உறை ஒன்றைக் கடைந்து அழுத்தி ஏற்றி, நழுவாமல் இருக்க உள்ளும் புறமும் உருக்குத் திருகுகள் போட்டார். கூலி 3,500 ரூபா. அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போயிருந்தது. ஏப்ரலிலும் மின்சாரம் வந்த இடைவெளிகளில், சில நாள் விடியற்காலையிலும், இந்த வேலை நடந்தது. செய்த வேலை துப்புரவாக இருந்தது. யூலை நடுப்பகுதிக்குள் இதேபோல 11 புரப்பெல்லர்கள் வெளியே போயின.

கவனிக்கத் தவறிய ஒலி

இந்த மூன்று மாதத்தில் முறைப்பாடு என்று எதுவும் வரவில்லை. ஆனால் பின்னர் விசாரித்தபோது, 11 பேரில் குறைந்தது 4 பேர் ஒரே விடயத்தை வேறு வேறு சொற்களில் உரிமையாளரிடம் சொல்லியிருந்தது தெரிந்தது. கியர் போடும்போது முன்பு இல்லாத ஒரு அடி கேட்கிறது என்றனர் இருவர். கைபிடி குலுங்குகிறது என்றார் ஒருவர். இயந்திரம் “புதுசு மாதிரி இறுக்கமாக” இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார் இன்னொருவர். ரப்பர் தேய்ந்திருந்த காலத்தில் பழகியவர்களுக்கு இறுக்கமான பிடி புதிதாகத் தோன்றுவது இயல்புதான் என்று உரிமையாளர் எடுத்துக்கொண்டார். அந்த அடியை இத்தனை காலமும் வாங்கிக்கொண்டிருந்தது ரப்பர். இப்போது அது நேராகக் கியருக்குப் போகிறது. இதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

விபத்து

யூலை மூன்றாம் வாரத்தில், முதலாவதாக உறை போட்ட அதே மூதூர்ப் படகு, விடியப் புறப்பட்டுக் கொட்டியாரக் குடாவில் மகாவலியின் முகத்துவாரத்தை அண்டிப் போகும்போது மணல்திட்டில் தட்டியது. ஆறு கொண்டுவரும் மணல் அங்கே இடம் மாறிக்கொண்டே இருக்கும். அனுபவசாலிகளும் வருடத்தில் ஒன்றிரண்டு தடவை தட்டுவது உண்டு. முன்பெல்லாம் தட்டினால் ரப்பர் வழுக்கும். இயந்திரத்தைத் தூக்கித் தள்ளிவிட்டு மெதுவாகக் கரைக்கு வருவார்கள். இந்தத் தடவை வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது, அதன் பிறகு எந்தக் கியரிலும் இயந்திரம் பிடிக்கவில்லை. படகில் இருந்த இருவருக்கும் காயம் இல்லை. தென்மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்று படகைத் திறந்த கடலை நோக்கி இழுத்தது. வேறொரு படகு கண்டு கயிறு கட்டி இழுத்து வரும்வரை ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் அவர்கள் மிதந்தார்கள்.

பிரித்துப் பார்த்தபோது

மறுநாள் இயந்திரத்தின் நீருக்குள் நிற்கும் கீழ்ப்பகுதியைப் பட்டறையில் பிரித்தபோது நான் அங்கே இருந்தேன். கியர் எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் வழிந்தது. கடல்நீர் உள்ளே போயிருந்தது. நிலைக்குத்துத் தண்டின் நுனியில் இருக்கும் சிறிய கூம்புப் பற்சக்கரத்தில், அதாவது பினியனில், இரண்டு பற்கள் வேரோடு இல்லை. முன்கியரில் ஒரு பல்லின் மூலை சிதறியிருந்தது. புரப்பெல்லர் தண்டு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முறுகியிருந்தது. உரிமையாளர் கடைந்த அலுமினிய உறையோ ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே இருந்தது.

உரிமையாளர் அந்தப் பினியனைக் கையில் எடுத்து, மிஞ்சியிருந்த ஒரு பல்லில் அரத்தை வைத்து இழுத்தார். அரம் வழுக்கியது. மேற்பரப்புக் கடினமாக்கப்பட்ட உருக்கு அது. இந்த வகைப் பல்லை வெட்டுவதற்கான இயந்திரமோ, வெட்டிய பின் பதம் வைப்பதற்கான உலையோ திருகோணமலையில் உள்ள எந்தச் சிறு பட்டறையிலும் இல்லை. அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, “செய்யக்கூடிய சாமானைக் காப்பாற்றப் போய், செய்ய முடியாத சாமானை உடைச்சிட்டன்” என்றார்.

இந்தச் சம்பவத்தின் காரணம் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. ரப்பர் வழுக்குவது குறைபாடு அல்ல, அதன் வேலைகளில் ஒன்று. இலை எதிலாவது மோதினால், விலை உயர்ந்ததும் எட்டாத இடத்தில் இருப்பதுமான கியருக்குப் பதிலாக, விலை குறைந்ததும் கைக்கு எட்டுவதுமான ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். உதிரிப்பாகம் கடையில் நிறைந்திருக்கும் காலத்தில், அந்த இடத்தில் வழுக்காத பாகம் போடும் பிழைக்குப் பணத்தால் பரிகாரம் உண்டு. இறக்குமதி நின்ற காலத்தில் பரிகாரமே இல்லை. ஆகவே, பலமான பாகம் வேண்டும் என்று எல்லோரும் கேட்ட அந்தக் காலமே பலமான பாகம் போடக் கூடாத காலமாக இருந்தது.

எடுக்கப்பட்ட முடிவுகள்

அன்று மாலையே இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. மீதி 10 புரப்பெல்லர்களையும் திருப்பி எடுப்பது முதலாவது. மைத்துனர் இதை எதிர்த்தார். யாரும் முறையிடாதபோது நாமே போய்ப் பிழை என்று சொன்னால் பட்டறையின் பெயர் போய்விடும் என்பது அவருடைய வாதம். அது வெறும் பயம் என்று ஒதுக்கக்கூடிய வாதம் அல்ல. அந்த மாதங்களில் பட்டறைக்கு வந்த வருமானத்தில் பெரும்பகுதி இந்த வேலையில் இருந்தே வந்தது. ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் வாடைக் காலம் தொடங்க மூன்று மாதமே இருந்தது. வாடைக் கடலில் கியர் போனால் படகை மட்டும் இழப்பதோடு முடியாது என்று உரிமையாளர் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. இரண்டாவது முடிவு, மூதூர்ப் படகுக்குப் பழைய இயந்திரம் ஒன்றில் இருந்து கியர்த் தொகுதி தேடி எடுத்து, செலவில் பாதியைப் பட்டறை ஏற்பது. படகுக்காரர் தாம்தான் அப்படிக் கேட்டதாகச் சொல்லி முழுச் செலவையும் ஏற்க முன்வந்தார். “நானா, நீங்கள் கேட்டது உண்மை. வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நான்” என்றார் உரிமையாளர் (நானா என்றால் அண்ணன்). பழைய கியர்த் தொகுதி தென்பகுதியில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் ஐந்து வாரத்துக்குப் பிறகே கிடைத்தது. அந்த ஐந்து வாரமும் அந்தக் குடும்பத்துக்குத் தொழில் இல்லை.

திருப்பி எடுப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. கொப்பியில் “மூதூர் நானா”, “திருக்கடலூர் அண்ணன்”, “கிண்ணியா நீலப் படகு” என்றே எழுதப்பட்டிருந்தது. படகின் பதிவிலக்கம் எங்கும் இல்லை. நானும் பயிலுநரும் கொட்பே, திருக்கடலூர், கிண்ணியா, சாம்பல்தீவு என்று மீனவர் குடில்களான வாடி வாடியாகப் போய் விசாரித்தோம். எரிபொருள் இல்லாத நாட்கள் அவை. பெரும்பாலும் சைக்கிளில்தான் போனோம். மூன்று வாரத்தில் 8 புரப்பெல்லர்கள் திரும்பின.

சோதனை மேசை

புதிய உறைக்கு இரண்டு நிபந்தனைகள் வைத்தோம். இயந்திரத்தின் முழு இழுவையை அது வழுக்காமல் தாங்க வேண்டும்; அதைவிட மிக அதிகமான முறுக்கு வந்தால் கியருக்கு முன்பே அது விட வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதை ஊகத்தால் தீர்மானிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

முதலில் கணக்குப் பார்த்தோம். 15 குதிரைவலு இயந்திரம் நிமிடத்துக்கு 5000 சுற்றில் தரும் முறுக்கு ஏறத்தாழ 21 நியூட்டன் மீற்றர். கியர் வேகத்தைப் பாதியாக்குவதாகக் கொண்டால், புரப்பெல்லர் தண்டில் அது இரட்டிப்பாகி 42 ஆகும். ஒரு மீற்றர் நீளக் குழாயின் நுனியில் நான்கு கிலோவுக்குச் சற்று அதிகமான எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. கியர் மாற்றும் அடி, அலையில் இலை வெளியே வந்து திரும்ப நீரில் பிடிக்கும் அடி ஆகியவற்றுக்காக அதன் இரண்டு மூன்று மடங்காவது தாங்க வேண்டும்.

பிறகு மேசையை அமைத்தோம். முறுகிப்போன அந்தத் தண்டின் நல்ல நுனியை வெட்டியெடுத்து, மேசையில் பூட்டிய பிடிகருவியான வைசில் இறுக்கினோம். அதில் புரப்பெல்லரை ஏற்றி, நடுக்குடத்தில் ஒரு மீற்றர்க் குழாயைக் கட்டினோம். மீன் நிறுக்கும் தராசில் ஒவ்வொரு கிலோவாக மணல் நிறுத்துப் பைகளில் போட்டு, குழாய் நுனியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டோம். குழாயின் சொந்த எடையையும் கணக்கில் சேர்த்தோம். ரப்பர் நல்ல நிலையில் இருந்த ஒரு மூலப் புரப்பெல்லரை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி முதலில் அதைச் சோதித்தோம். 16 கிலோ அளவில், அவசரமில்லாமல், ஒரு முனகலோடு அது வழுக்கத் தொடங்கியது. திருப்பி எடுத்த அலுமினிய உறை 30 கிலோவிலும் அசையவில்லை. வைஸ் மேசையோடு திரும்பத் தொடங்கியதால் அத்தோடு நிறுத்தினோம். முதல் உறை செய்த அன்றே இந்தச் சோதனையை ஒரு மணித்தியாலத்தில் செய்திருக்கலாம். மணலுக்கும் பைக்கும் இறக்குமதித் தடை இருக்கவில்லை.

அடுத்த உறை நைலோன் தடியில் கடையப்பட்டது. உட்குழலின் வெளிப்புறத்தைச் சொரசொரப்பாக்கி அதன்மேல் நைலோன் உறை இறுக்கமாக ஏற்றப்பட்டது. நடுக்குடத்துக்குள் உறை தளர்வாகவே அமர்ந்தது. இந்தப் படகுகளின் இயந்திரங்களில் புகை நடுக்குடம் வழியாக வெளியேறாததால், குடத்தின் சுவரில் பக்கவாட்டாகத் துளையிட முடிந்தது. எதிரெதிராக இரண்டு துளைகள் இட்டு, ஒவ்வொன்றிலும் 4 மில்லிமீற்றர்ப் பித்தளை ஊசி ஒன்று வைத்தோம். இழுவை முழுவதும் அந்த இரண்டு ஊசிகள் வழியாகவே போகும். அதிகமானால் அவை அறுந்துவிடும். 15 கிலோவில் அவை அறுந்தன. மூன்று தடவை திரும்பச் செய்தும் 14க்கும் 16க்கும் இடையிலேயே நின்றது.

நைலோன் நீரை உறிஞ்சி ஊதும் என்பது புத்தக அறிவாக எனக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு என்பது தெரியாது. ஓர் உறையைக் கடல்நீர் வாளியில் 12 நாள் போட்டு வைத்தோம். 58 மில்லிமீற்றர் இருந்த விட்டம் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் கூடியிருந்தது. தளர்வை முதலில் நினைத்ததைவிட இரட்டிப்பாக்கினோம். அப்படிச் செய்யாவிட்டால், ஒரு மாதத்தில் உறை ஊதிக் குடத்தோடு இறுகி, ஊசி அறுந்த பிறகும் வழுக்காமல் நின்று, முதல் பிழைக்கே திரும்பக் கொண்டுபோயிருக்கும்.

பின்னர் நடந்தவை

திரும்பி வந்த 8 புரப்பெல்லர்களும் ஓகஸ்ட் இறுதியில் புதிய உறையோடு இலவசமாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அதே மாதம் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. ஒரு தடவை கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவதன் செலவு பல மடங்காகியது. எனவே ஊசி அறுந்தால் கடலிலேயே மாற்றக்கூடியதாக இருப்பது எங்களுக்கு முன்பைவிட முக்கியமாகப் பட்டது. ஒவ்வொரு புரப்பெல்லரோடும் ஆறு மேலதிக ஊசிகளைச் சிறிய மருந்துப் போத்தலில் போட்டுக் கொடுத்தோம்.

செப்டெம்பரில் முதல் ஊசி அறுந்தது. மிதந்து வந்த மரக்குற்றியில் இலை மோதியது. கியருக்கு ஒன்றும் ஆகவில்லை. படகிலேயே மாற்றிக்கொண்டு தொழிலை முடித்துத்தான் திரும்பினார்கள். பட்டறையில் எல்லோரும் ஆறுதல் அடைந்தோம். அந்த ஆறுதல் ஒரு மாதம் நீடித்தது. ஒக்டோபரில் திருக்கடலூரில் இருந்து வேறொரு திருத்தத்துக்காக வந்த புரப்பெல்லரில், பித்தளை ஊசிகள் இருந்த இடத்தில் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகள் இருந்தன. “அந்த மஞ்சள் ஊசி பலமில்லை அண்ணன், ஒரே அறுகுது” என்றார் கொண்டுவந்த இளைஞர். அவர்மீது பிழை இல்லை. ஊசியைக் கொடுத்தோமே தவிர, அது எதற்காக அறுகிறது என்று அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. பேசியது அவருடைய தகப்பனோடு. கடலுக்குப் போவது மகன்.

அன்று முதல் உரிமையாளர் பற்கள் இழந்த அந்தப் பினியனைப் பட்டறை வாசலில் உள்ள மேசையில் வைத்தார். புரப்பெல்லர் எடுக்க வருபவர் யாராக இருந்தாலும், காசு வாங்குவதற்கு முன் அதைக் கையில் கொடுத்து, ஓர் ஊசியின் விலையும் இந்தச் சக்கரத்தின் விலையும் சொல்வார். அதன் பிறகு உருக்கு ஆணி போட்ட புரப்பெல்லர் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. 2023 நடுப்பகுதி வரை மொத்தம் 23 நைலோன் உறைகள் போடப்பட்டன. ஊசி அறுந்ததாக 7 தடவைகள் தகவல் வந்தது. அவற்றில் ஒன்றிலும் கியர் உடையவில்லை. கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து மூலப் புரப்பெல்லர்கள் கடைக்குத் திரும்பிய பின் வேலை குறைந்துவிட்டது. விலை கட்டாதவர்கள் சிலர் இன்னும் வருகிறார்கள்.

மறுமுறை செய்தால் மாறுபவை

ஒரு பாகத்தை வைசில் வைப்பதற்கு முன், அளவை எடுப்பதற்கும் முன், அளவுக்கு மீறிய சுமை வரும்போது இது என்ன செய்யும்படி படைக்கப்பட்டது என்று கேட்பதைப் பட்டறை இப்போது வழக்கமாக்கியிருக்கிறது. பதில் தெரியாவிட்டால், மூலப் பாகம் ஒன்றைத் தேடி உடைத்துப் பார்க்கும்வரை வேலையை ஏற்பதில்லை. வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வதும் வாடிக்கையாளருக்கு வேண்டியதைச் செய்வதும் எப்போதும் ஒன்றாகாது என்பதை உரிமையாளர் நட்டப்பட்டுத் தெரிந்துகொண்டார். நானும்தான்: உறையைச் சோதிக்க மூன்று வாரம் செலவிட்ட நான், அதைப் பயன்படுத்தப் போகிறவரோடு பேச மூன்று நிமிடம் ஒதுக்கவில்லை.

கொப்பியில் இப்போது படகின் பதிவிலக்கம், தொலைபேசி இலக்கம், உறையின் தொடர் எண், போட்ட திகதி ஆகியவை எழுதப்படுகின்றன. தொடர் எண் நடுக்குடத்திலும் குத்தப்படுகிறது. முதல் 11இல் இது இருந்திருந்தால் திருப்பி எடுக்க மூன்று வாரம் பிடித்திருக்காது.

அந்த 11இல் உடைந்தது ஒன்று, திரும்பியவை எட்டு. மிஞ்சிய இரண்டில் ஒன்றின் சொந்தக்காரர், நன்றாக ஓடும் சாமானை ஏன் கழற்ற வேண்டும் என்று தர மறுத்தார். இரண்டு தடவை போய்ப் பேசியும் பினியனைக் காட்டியும் பயன் இல்லை. மற்றது படகோடு குச்சவெளிப் பக்கம் விற்கப்பட்டுவிட்டது. வாங்கியவர் யார் என்று விற்றவருக்குத் தெரியவில்லை. அவருக்கான நைலோன் உறையும் ஆறு ஊசி போட்ட போத்தலும் பட்டறையின் அலுமாரியில் இன்னும் இருக்கின்றன.